ஒரு முழம் ரெட் கரண்ட்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை. ஆக்லாந்தில் ஜூலை மாதக் குளிர். காலில் இரண்டு ஜோடி சாக்ஸ், தோளில் சால்வை, கையில் சூடான காபி — இந்தக் கோலத்தில் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். என் கணவர் வந்தார். ஃப்ரீஸரைத் திறந்தார். ஐஸ் ட்ரேயை முறுக்கி, கட்டிகளை ஒரு கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு பின்கதவு வழியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

எட்டிப் பார்த்தேன். மனிதர் குந்தி உட்கார்ந்து, இலையே இல்லாத ஒரு செடியின் அடியில் ஐஸ் கட்டிகளை வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தார். கார்த்திகை விளக்கு வைக்கும்போதுகூட அவரிடம் இவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் யோகா அக்கா துணி உலர்த்த வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். மவுண்ட் ரோஸ்கில்லில் எங்களுக்கு வெகுகாலம் முன்பே வந்து குடியேறியவர். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"விஜி, உங்கட மனுசனுக்கு என்ன நடந்தது? இந்தக் குளிருக்குள்ள செடிக்கு ஐஸ் வைக்கிறார்? டொக்டரிட்டக் காட்டினனீங்களோ?"

"அது சம்பந்தி குடுத்த செடி, அக்கா."

"ஓ... அதோ. அப்ப சரி."

துணியை உலர்த்தப் போய்விட்டார். சம்பந்தி என்ற ஒரு வார்த்தை போதும், நம்மவர்களிடம் எந்தக் கிறுக்குத்தனத்துக்கும் வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் உங்களுக்கு விளக்கம் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏனென்றால், இன்றைக்கு ஐஸ் வைக்கிற இதே மனிதர்தான் போன வருஷம் வரை இதே செடியை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து, இடுப்பில் பழைய வேட்டியைச் சுற்றிவிட்டு வளர்த்தவர்.

செடியின் பெயர் ரெட் கரண்ட். பெயரைக் கேட்டதும் "ஷாக் அடிக்குமா?" என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. அடிக்காது. இடுப்பளவு உயரத்தில் ஒரு புதர். பழம், நம் மணத்தக்காளி அளவு. நல்ல சிவப்பு, உள்ளே இருக்கும் விதைகூடத் தெரிகிற மாதிரி ஒரு பளபளப்பு. ஒற்றையாகக் காய்க்காது, சரம் சரமாகத் தொங்கும். வாயில் போட்டால் முகம் சுளித்து, கண் மூடி, அப்புறம்தான் இனிப்பு லேசாக எட்டிப் பார்க்கும். வெள்ளைக்காரர்கள் இதை ஜெல்லியாகக் காய்ச்சி ஆட்டுக்கறியோடு சாப்பிடுவார்கள். நாங்கள் சைவம். எங்களுக்கு ஏன் இந்தச் செடி வந்தது?

எல்லாம் கல்யாணத்தில் வந்தது.

கார்த்திக் எங்கள் ஒரே பையன். படிக்க டனீடின் போனான். போன இடத்தில் கேட்டியைப் பார்த்தான். கேட்டிக்குச் சொந்த ஊர் இன்வர்கார்கில். தெற்குத் தீவின் அடிக்கோடி; இங்கே தெற்கே போகப் போகக் குளிர்தான். அங்கேயும் மனிதர்கள் ஸ்வெட்டர் போடாமல் நடமாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோதே நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கல்யாணத்தை ஒரு ஆகஸ்ட் மாதத்தில் இங்கே ரோஸ்கில்லில் ஒரு ஹாலில் வைத்தோம்.

கேட்டியின் அம்மா ஹெதரிடம் படித்துப் படித்துச் சொன்னோம் — சீர், தட்டு எதுவும் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும் என்று. கேட்டால்தானே? எங்கேயோ தேடிப் பார்த்திருக்கிறார். பெண் வீட்டார் தட்டு கொண்டுவர வேண்டும், ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், பழம் கட்டாயம்... எல்லாம் தெரிந்துவைத்திருந்தார். ஹாலுக்குள் தட்டுகளோடு நுழைந்தார். ஆப்பிள் ஒரு தட்டு, ஆரஞ்சு ஒரு தட்டு, பூ ஒரு தட்டு, வீட்டில் சுட்ட பிஸ்கட் ஒரு தட்டு. நடுவில் ஒரு தட்டில், கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. அதில் நட்டமாக நிற்கிற ஒரு காய்ந்த குச்சி.

சென்னையிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் என் காதில் கேட்டாள். "ஏன் விஜி, சீர்த்தட்டுல விறகு வெச்சிருக்காங்க?"

ஹெதர் அதற்குள் மேடைக்கு வந்து என் கணவர் ராமிடம் விளக்கம் சொன்னார். அவர் பேசியது ஆங்கிலத்தில்; தமிழில் நான் தருகிறேன்.

"பழமாத்தான் கொண்டுவர நினைச்சேன், ராம். இப்ப சீசன் இல்லை. அதனால செடியையே கொண்டுவந்துட்டேன். கேட்டி பிறந்த வருஷம் இயன் எங்க தோட்டத்துல வெச்ச ரெட் கரண்ட். அதுலேருந்து வெட்டி வேர் பிடிக்க வெச்ச குச்சி இது."

இயன், ஹெதரின் கணவர். கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். மேடையில் அவர் நிற்க வேண்டிய இடத்தில் அந்தக் குச்சி நின்றுகொண்டிருந்தது. அது புரிந்ததும் நான் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் கணவர் துடைக்கவில்லை. அவருக்கு உணர்ச்சி வந்தால் பேச்சு வரும்.

"ஹெதர், நீங்க கவலையே படாதீங்க. இதையும் எங்க பொண்ணு மாதிரி பார்த்துக்கறோம்" என்றார், ஹால் முழுக்கக் கேட்கும்படி.

அங்கேதான் ஆரம்பித்தது வினை.

நீங்களே சொல்லுங்கள். ஒரு தமிழ் அப்பா பெண்ணைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன செய்வார்? முதல் வேலையாகக் குளிர் படாமல் பார்த்துக்கொள்வார்.

எங்கள் வீட்டில் அதற்கு ஏற்கெனவே ஏற்பாடு இருந்தது. ஆக்லாந்தில் கறிவேப்பிலை வளர்க்கிற எல்லா வீட்டிலும் இருக்கும். ஏப்ரல் பிறந்தால் கறிவேப்பிலைத் தொட்டி உள்ளே வந்துவிடும். சன்ரூமில் ஜன்னலோரம், ஹீட்டருக்குப் பக்கத்தில். வெளியே போகும்போது கதவைச் சாத்தினாயா என்று என்னைக் கேட்காதவர், கறிவேப்பிலைக்கு ஹீட்டர் போட்டாயா என்று கேட்பார். வாரம் ஒருமுறை புளித்த மோர். இலை ஒன்று மஞ்சளானால் வாட்ஸ்அப் குரூப்பில் படம் போகும். ஆறுதல் செய்திகள் வரும்.

அந்தக் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் ரெட் கரண்ட்டையும் சேர்த்தார். சம்பந்தி கொடுத்தது அல்லவா? அதனால் அதற்கு இன்னும் ஒரு படி மேலே. சக்கரம் வைத்த ஸ்டாண்ட் வாங்கினார். தொட்டி குளிரக் கூடாதென்று பழைய வேட்டியைச் சுற்றினார். கறிவேப்பிலையை நகர்த்திவிட்டு, ஹீட்டருக்கு மிகப் பக்கத்து இடத்தை அதற்குக் கொடுத்தார். புளித்த மோரும் உண்டு.

செடி என்ன செய்தது? வளர்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, பச்சைப் பசேலென்று வளர்ந்தது. இலை என்றால் இலை, உள்ளங்கை அளவுக்கு இலை. பழம்?

பழம் மட்டும் இல்லை.

முதல் கோடையில் ஹெதர் போனில் கேட்டார். "சின்னச் செடிதானே, அடுத்த வருஷம் வரும்" என்றோம். அடுத்த வருஷம் கேட்டார். "பிளாக்பேர்டு எல்லாத்தையும் தின்னுட்டுப் போயிடுச்சு, ஹெதர்" என்றார் என் கணவர், கூச்சமே இல்லாமல். "நெட் போட்டு மூடுங்க" என்றார் ஹெதர். அதற்கடுத்த வருஷம், நெட்டுக்குள் புகுந்து தின்றுவிட்டதாகச் சொன்னார். ரோஸ்கில் பறவைகள் பாவம். அவை எங்கள் செடியில் ஒரு பூவைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

"ஏங்க, இல்லைன்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

"சம்பந்திகிட்ட போய், நீங்க குடுத்தது காய்க்கலைன்னு சொல்றதா? என்ன அர்த்தம் வரும்? உங்க பொண்ணைக் குடுத்ததும் அப்படித்தான்னு ஆகாதா?"

ஒரு செடி காய்க்காததிலிருந்து இவ்வளவு தூரம் போக முடியும் என்றால், அது நம்மால்தான் முடியும்.

போன நவம்பர் மாதம் கேட்டி போன் செய்தாள். அவளும் கார்த்திக்கும் சிட்டியில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார்கள். என்னை "அத்தை" என்றுதான் கூப்பிடுவாள்; அதற்குப் பிறகு எல்லாம் ஆங்கிலம். அன்றைக்கு அந்த "அத்தை"யே கம்மியிருந்தது.

அம்மா வீட்டை விற்றுவிட்டார். தனியாளுக்குப் பெரிய வீடு. சின்ன யூனிட் ஒன்றுக்கு மாறிவிட்டார். வாங்கியவர்கள் வந்த வேகத்தில் தோட்டத்தைச் சுத்தம் செய்துவிட்டார்கள். அப்பா வைத்த ரெட் கரண்ட் புதர் முழுக்கத் தோண்டி எடுத்தாகிவிட்டது. அம்மா ஒரு குச்சி வெட்டிக்கொள்ளலாம் என்று போனபோது அங்கே புல்தரைதான் இருந்ததாம்.

"இப்ப உங்க வீட்டுல இருக்கறது ஒண்ணுதான் மிச்சம், அத்தை. அம்மா கிறிஸ்மஸுக்கு இங்க வர்றாங்க. அதைப் பழத்தோட பார்க்கணுமாம்."

போனை வைத்த பிறகு நாங்கள் இருவரும் சன்ரூமுக்கு வெளியே நின்றிருந்த அந்தச் செடியைப் போய்ப் பார்த்தோம். கொழுகொழுவென்று நின்றது. அதுவரை அது ஒரு சம்பந்தி மரியாதை விவகாரம். இப்போது அப்படியில்லை. ஒரு பெண்மணி கணவரின் கைப்பட்ட கடைசிச் செடியைப் பார்க்க, நாட்டின் அடுத்த முனையிலிருந்து வரப்போகிறார்.

யோகா அக்காவிடம் சொன்னேன்.

"உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ, விஜி. காய்க்கேல்லை எண்டு நேர கதையுங்கோ. அவவும் மனுசிதானே, விளங்கும்" என்றார்.

எவ்வளவு நல்ல யோசனை! கேட்டோமா? கேட்டிருந்தால் இந்தப் பத்தி இதோடு முடிந்திருக்கும்.

என் கணவருக்கு வேறு யோசனை. பழத்தை வாங்கிக் கட்டிவிடுவது.

சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் எனக்கும் அது யோசனையாகவே பட்டது. இங்கே கிறிஸ்மஸ் கோடையில் வரும்; அதற்கு முன்பு ஊர் முழுக்க அலைந்தேன். மவுண்ட் வெல்லிங்டனில் அந்தப் பெரிய ஷாப்பிங் சென்டரில் ஸ்ட்ராபெரி மலைபோலக் குவிந்து கிடந்தது. ப்ளூபெரி கிடந்தது. ரெட் கரண்ட்? "என்ன கரண்ட்?" என்று அங்கே வேலை பார்க்கிற பெண் திருப்பிக் கேட்டாள். கடைசியில் சிட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பழக்கடையில் கிடைத்தது, சரத்தோடு, சின்னச் சின்னப் பெட்டிகளில். விலையை நான் வீட்டில் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை. பெட்டியில் எழுதியிருந்தது: தெற்குத் தீவில் விளைந்தது. ஹெதரும் அங்கிருந்துதான் விமானத்தில் வருகிறார், அவர் பார்க்க வேண்டிய பழமும் அங்கிருந்துதான் விமானத்தில் வந்திருக்கிறது.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் மத்தியானம். கார்த்திக்கும் கேட்டியும் ஏர்போர்ட் போயிருந்தார்கள். நான் பச்சை நூல்கண்டோடு செடிக்கு முன்னால் உட்கார்ந்தேன். என் கணவர் பழப்பெட்டியை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

ஒவ்வொரு சரமாகக் கொம்பில் கட்டிப் பார்த்தேன். காம்பு நூல் மாதிரி இருக்கிறது. முடிச்சை இறுக்கினால் அறுந்து விழுகிறது. இறுக்காவிட்டால் வழுக்கி விழுகிறது. பாதி நேரம் இதிலேயே போயிற்று.

"விஜி, லேண்ட் ஆயிட்டாங்களாம். சீக்கிரம்!"

அவசரத்தில் மூளை வேலை செய்யாது. கை செய்யும். என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான் — மல்லிகைப் பூக் கட்டுவது. இரண்டு சரத்தை இந்தப் பக்கம், இரண்டு சரத்தை அந்தப் பக்கம், நூலைச் சுற்றி ஒரு இழுப்பு. அறுந்து விழவில்லை! காம்பு அப்படியே நின்றது. விறுவிறுவென்று கட்டினேன். மொத்தப் பழமும் ஒரே நீளச் சரமாக ஆயிற்று. அதைச் செடிக்குள் வளைத்து வளைத்து, நூல் தெரியாமல் இலையை மேலே இழுத்துவிட்டு, நுனிக் கொம்புகளில் பழம் தொங்குகிற மாதிரி விட்டேன்.

எட்ட நின்று பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது. மாரியம்மன் கோயில் தேர் மாதிரி.

கார் வந்து நின்றது. ஹெதர் பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. நேராகத் தோட்டத்துக்கு வந்தார். செடிக்கு முன்னால் நின்றார். இலையைத் தொட்டார். கொம்பை அடிவரைக்கும் விரலால் தடவினார். குனிந்து ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு, ராம்" என்றார். கண் கலங்கியிருந்தது.

என் கணவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவரே பூத்து, அவரே காய்த்த மாதிரி நின்றார். நானும் மூச்சு விட்டேன். முடிந்தது, தப்பித்தோம்.

அப்போது கேட்டி வந்தாள். "அம்மா, நாளைக்குப் பாவ்லோவா கேக் மேல வைக்கக் கொஞ்சம் பறிச்சுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே, ஆசையாக ஒரு சரத்தைப் பிடித்து இழுத்தாள்.

வந்தது.

ஒரு சரம் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று... இலையெல்லாம் சலசலக்க, செடிக்குள்ளிருந்து உருவிக்கொண்டு முழுசாக வந்தது. கேட்டி அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல நெருக்கமாகக் கட்டிய, ஒரு முழம் தாராளமாக இருக்கிற ரெட் கரண்ட். செடியில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"அம்மா... ஸீரியஸ்லி?" என்றான் கார்த்திக்.

நான் தரையைப் பார்த்தேன். என் கணவர் வானத்தைப் பார்த்தார். பிளாக்பேர்டு ஏதாவது கிடைக்குமா என்று தேடியிருப்பார்.

முதலில் சத்தம் வந்தது ஹெதரிடமிருந்து. சிரிப்பு. கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முடியாமல் புல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, சிரித்து, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மன்னிச்சுக்குங்க, ஹெதர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

"எனக்குப் பார்த்ததுமே தெரியும், விஜி" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இது பழைய கொம்புலதான் காய்க்கும். அடியில. இந்த வருஷம் விட்ட பச்சை நுனியில பழம் தொங்கி நான் பார்த்ததே இல்லை."

"அப்ப ஏன் நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

"நீங்க ரெண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னீங்களே. எப்படிச் சொல்றது?"

சம்பந்தி மரியாதை நம் ஊர்ச் சரக்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்வர்கார்கிலிலும் கிடைக்கும் போலிருக்கிறது.

அப்புறம்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "ராம், குளிர்காலத்துல இதை எங்க வெப்பீங்க?"

என் கணவருக்கு இழந்த மானத்தை மீட்க ஒரு வாய்ப்பு. "வாங்க, காட்டறேன்!" என்று சன்ரூமுக்கு அழைத்துப் போனார். ஹீட்டர். சக்கர ஸ்டாண்ட். மடித்து வைத்த வேட்டி. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். "ஒரு நாள்கூடக் குளிர் பட விட்டதில்லை, ஹெதர்" என்றார் பெருமையாக.

ஹெதர் அந்த வேட்டியைப் பார்த்தார். ஹீட்டரைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார்.

"ராம்... அதுக்குக் குளிர் வேணும்."

"என்னது?"

"குளிர் பட்டாத்தான் இலையைக் கொட்டிட்டுத் தூங்கும். நல்லாத் தூங்கி எழுந்தாத்தான் பூக்கும். நீங்க இவ்வளவு வருஷமா இதைத் தூங்கவே விடலையே!"

என் கணவர் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும். பாவமாகத்தான் இருந்தது. மனிதர் மோசமாகப் பார்த்துக்கொண்டதால் காய்க்கவில்லை என்றால் மனசு ஆறும். நன்றாகப் பார்த்துக்கொண்டதால் காய்க்கவில்லை என்றால், அதை எங்கே போய்ச் சொல்வது?

ஹெதர் அவர் தோளில் தட்டினார். "பழம் எனக்கு எதுக்கு ராம்? எங்க ஊர்க் கடையில கிடைக்குது. எனக்கு இந்தச் செடி உயிரோட இருக்கணும், அவ்வளவுதான். நல்லா இருக்கு. கொம்பெல்லாம் தடியா இருக்கு. குளிர்காலத்துல வந்து கொஞ்சம் குச்சி வெட்டிக்கறேன். அதைக் குடுத்தா போதும்."

குச்சி! பெட்டி பெட்டியாகப் பழம் வாங்கி, நூல் தேடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாங்கள் கட்டியதெல்லாம் பழம். அவர் தேடி வந்தது, கல்யாண ஹாலில் நாங்கள் விறகு என்று சொன்ன அதே குச்சி.

மறுநாள் கிறிஸ்மஸ் சாப்பாடு எங்கள் வீட்டில். அந்த ஒரு முழம் சரத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். ஹெதரே கேட்டார். எங்கள் ஹாலில் என் மாமனார் படத்துக்கு மாலை போட்டிருப்பதை அவர் கவனித்திருக்கிறார். தன் பர்ஸிலிருந்து இயன் படத்தை எடுத்தார். தோட்டத்தில், கையில் மண்வெட்டியோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற ஒரு மனிதர்.

"இதுக்குப் போடலாமா, விஜி?"

சின்னப் படம். சரம் பெரிது. இரண்டு சுற்றுச் சுற்றினேன். மேஜை நடுவில் வைத்தோம். அத்தனை பேரும் சாப்பிட்டு முடிக்கும்வரை அது அங்கேயே இருந்தது. நடுநடுவே கேட்டி ஒரு பழத்தைக் கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் மாலையிலிருந்து பழம் பறித்துத் தின்பது முறையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ரெட் கரண்ட்டில் மாலை கட்டுவதற்கு மட்டும் முறை எங்கே இருக்கிறது?

அன்றைக்குக் கார்த்திக் ஒன்று சொன்னான். அதுதான் இன்னும் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில்தான் சொன்னான், சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "என்னையும் இப்படித்தானே வளர்த்தீங்க!"

உண்மைதான். இங்கே பிள்ளைகள் வெறுங்காலில் ஸ்கூலுக்குப் போகும். இவனுக்கு நான் கோடையிலும் குல்லா போட்டு அனுப்பியிருக்கிறேன். மழையில் கேம்ப் போனால் ஜலதோஷம் பிடிக்கும் என்று டீச்சரிடம் சண்டை போட்டிருக்கிறேன். பதினெட்டு வயதுவரை இந்தச் சன்ரூம் செடி மாதிரிதான் வளர்ந்தான், பச்சைப் பசேலென்று. பிறகு டனீடின் போனான். மூச்சு விட்டால் புகை வருகிற ஃபிளாட். ஜன்னலுக்கு உள்பக்கம் ஈரம் வழியும். போனில் கேட்டுக் கேட்டு நான் இங்கே அழுதேன். அங்கே என்ன ஆயிற்று? சமைக்கக் கற்றுக்கொண்டான். துணி துவைக்கக் கற்றுக்கொண்டான். கேட்டியைக் கண்டுபிடித்தான். குளிர் பட்டதும் பிள்ளை காய்த்துவிட்டான்!

நான் குல்லா போட்டது தப்பு என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே கறிவேப்பிலை இருக்கிறதே. அதை ஒரு ராத்திரி வெளியே விட்டால் போயிற்று. எது கறிவேப்பிலை, எது ரெட் கரண்ட் என்று முதலிலேயே யார் சொல்வார்கள்? தொட்டியில் அப்படி ஒன்றும் எழுதி வருவதில்லையே.

மே மாதம் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து மண்ணில் வைத்தோம். இடம் ஹெதர் சொன்னதுதான் — வீட்டின் தெற்குப் பக்கம். ஆக்லாந்தில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வெயில் வடக்கில்தான். தெற்கு என்றால் துணி காயாத பக்கம், பாசி பிடிக்கிற பக்கம். அந்தச் செடியை அங்கே விட்டுவிட்டு உள்ளே வர என் கணவருக்கு மனசே வரவில்லை. ஜூன் மாதம் இலை கொட்ட ஆரம்பித்ததும் ஆள் சாப்பாட்டில் கைவைக்கவில்லை. பிறகு ஹெதர் போனில் ஒன்று சொன்னார் — ஆக்லாந்துக் குளிர் இதற்குப் போதுமோ போதாதோ, பார்க்கலாம் என்று. அவ்வளவுதான். பார்த்துக்கொள்வதில் ஒரு குறை என்றால் நம்மவர் பொறுப்பாரா? மறுநாளிலிருந்து ஐஸ்.

போன சனிக்கிழமை ஹெதர் வந்தார். ஐஸ் வட்டத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, சம்பந்தி மரியாதை. செடியின் நடுவிலிருந்து நெரிசலாக நின்ற கொம்புகளை வெட்டி எடுத்தார். அதில் பென்சில் தடிமனில் இருந்த குச்சிகளாகப் பார்த்துப் பொறுக்கினார். ஈரமான செய்தித்தாளில் சுற்றி, அதைப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார். மிச்சமிருந்த பழைய கொம்பின் அடியில் உருண்டையாக மொட்டு வைத்திருப்பதை எனக்குக் காட்டினார். பூ மொட்டாக இருக்கலாம் என்றார். நான் தலையாட்டினேன். இந்த முறை பச்சை நூல்கண்டை எங்கே வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனார். திங்கட்கிழமை காலை ஒரு படம் அனுப்பினார். புது யூனிட்டின் பின்பக்கம், ஒரு கறுப்புத் தொட்டி. அதில் வரிசையாக எங்கள் குச்சிகள், அதாவது இயனின் குச்சிகள். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உறைபனி. "வெளியிலதான் வெச்சிருக்கேன். இன்னிக்கு இங்க நல்ல ஃப்ராஸ்ட்!" என்று சந்தோஷமாக எழுதியிருந்தார்.

நான் படித்துக் காட்டினேன். என் கணவர் ஐஸ் ட்ரேயில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஐயோ பாவம், விஜி... குளிருமே அதுக்கு!"